கூடைக்காரியின் சொந்தக்காரர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். பண்டாரவளை வரைக்கும் நான் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள், முன்சீட்டுக்காரர் தூக்கம் கலைந்து திரும்பிப் பார்த்தார். நானும் மெல்ல எட்டிப் பார்த்தேன்.

போனில் ஒரு படக்கதை. அதில் கூடைக்காரி இருந்தாள். இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, தலையில் மடித்துப் போட்ட துண்டு, முதுகில் அந்தப் பெரிய கூடை, எல்லாம் அப்படியே. பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கூடைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரைத் தூக்கிக் கூடைக்குள் போட்டுவிட்டு, அவளே நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள்.

கூடைக்காரி என்னுடையவள். ஆனால் அந்தக் கதையை நான் வரையவில்லை.

பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, கலியாண ஆல்பம் வடிவமைப்பது, கிழிந்துபோன பழைய படங்களில் இருக்கும் முகங்களைச் சரிசெய்வது. கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் வீணாகிப்போன தாள்களின் பின்பக்கத்தில் படம் போடுவேன். அப்படி வந்தவள்தான் கூடைக்காரி. தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு பொம்பளை. அவள் கூடையில் எதைப் போட்டாலும் கொள்ளும். ரோட்டை மறைக்கிற பனிமூட்டத்தை வாரிப் போட்டுக்கொள்வாள், சேற்றில் புதைந்த பஸ்ஸைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் டவுனில் இறக்கிவிடுவாள். ஒரு வருடம் வரைந்ததை நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகமாக அச்சடித்தேன். முந்நூறு பிரதி. கொஞ்சம் விற்றது, கொஞ்சத்தைக் கலியாண வீடுகளில் மொய்யாகக் கொடுத்தேன். அதோடு சரி. இரண்டாவது புத்தகம் வரைய உட்காரும்போதெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று சோர்ந்துவிடும்.

"என்னங்க பாக்குறீங்க?" என்று அந்தப் பெண்ணிடம் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"கூடைக்காரிங்க! தெரியாதா ஒங்களுக்கு?" போனை என் மடியிலேயே வைத்துவிட்டாள். "எங்க குரூப்புல வர்றது. நான்தான் அட்மின். இது இருவத்தெட்டாவது கதை."

"இத எழுதுறது யாரு?"

"மொதப் புத்தகத்த யாரோ ஒரு ஆளு போட்டுச்சு. ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. ஒன்னு போட்டுட்டு அந்தாளு நிப்பாட்டிருச்சு. பாவம், செத்துகித்துப் போச்சோ என்னவோ. இப்ப நாங்கதான் ஓட்டிக்கிட்டு இருக்கோம்."

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவில் வேலை என்றாள். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போவார்களே, அந்தக் காம்பரா. குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் கதை எழுதுவாளாம். ஆல்பம் கொடுக்க வேண்டிய வீடு அப்புத்தளையில் இருந்தது. காலடியில் இருந்த சாமான்களை வாரிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து குரூப்பைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தேன். என் புத்தகம் முழுதும் அங்கே இருந்தது, மூன்றாம் பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டு வரை. யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரு கட்டைவிரல். அட்டையும் என் பெயர் இருந்த முதல் தாளும் மட்டும் இல்லை. கீழே அவர்களாகவே வரைந்த இருபத்தெட்டுக் கதைகள். அதில் கூடைக்காரிக்கு மூக்கு நீண்டு போயிருந்தது.

அங்கேயே எழுதினேன்: "இது என் புத்தகம். என்னிடம் கேட்காமல் போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள்."

ஐந்து நிமிடத்தில் அட்மினிடமிருந்து பதில் வந்தது: "இப்படிச் சொல்லிக்கிட்டு வர்ற மூணாவது ஆள் நீங்க. சரி, ஒரு கேள்வி. பதினோராம் பக்கத்துல கூடையிலருந்து எட்டிப் பாக்குற பூனைக்கு எந்தக் காது அறுந்திருக்கு?"

பூனையா? நான் எந்தப் பக்கத்திலும் பூனை வரையவே இல்லை. அதை அப்படியே எழுதினேன். ஒரே சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன. "பூனையையே தெரியாதவங்க எல்லாம் எழுத்தாளராம்!" என்று ஒருவர். அடுத்த நிமிடம் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

என் புத்தகத்திலிருந்து என்னையே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதுபோல் இருந்தது. வெளியிலிருந்தும் குரூப் பக்கம் தெரிந்தது. அது இருந்த தளத்துக்கு முறைப்பாடு எழுதினேன். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தப் படைப்பு உங்களுக்குச் சொந்தமானதா? ஆம் என்ற இடத்தில் அழுத்தி அழுத்திக் குத்தினேன். புத்தகத்தின் பதிப்புரிமைப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். அவர்களுடைய கதைகளையும் விடவில்லை. அதுவும் என் கூடைக்காரிதானே என்று இருபத்தெட்டையும் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் எல்லாம் போய்விட்டது. குரூப்பே மூடிக்கிடந்தது. அன்றைக்கு இரண்டு வடை கூடுதலாக வாங்கித் தின்றேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா.

சனிக்கிழமை அக்கா போன் எடுத்தாள். அக்கா கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். எடுத்த எடுப்பில் கேட்டாள்:

"ஏன்டி கதைய நிப்பாட்டிட்ட?"

"என்ன கதை?"

"என்ன கதையா? கூடைக்காரிடி. தேத்தண்ணி நேரத்துல ஒருத்தி போனப் பாத்து வாசிப்பா, மலையில நாங்க இருவது பேரும் உக்காந்து கேப்போம். இந்த வாரம் ஒன்னும் வரலன்னு எல்லாம் என்னப் போட்டு நச்சரிக்கிறாளுக. என் தங்கச்சிதான் எழுதுறான்னு நான் காலையில பேர் குடுக்குற பெரட்டுல அம்புட்டுப் பேருகிட்டயும் பெரும பேசி வச்சிருக்கேன்."

இத்தனை நாளும் அந்த இருபத்தெட்டுக் கதைகளையும் நான் எழுதியதாகவே அக்கா நினைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு தடவையும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நேரே புகழ்ந்து பழக்கம் இல்லை.

போனில் சொல்ல முடியவில்லை. மறுநாள் நேரில் போனேன். அக்கா குந்திக்கொண்டு கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். அந்தக் கதைகள் என்னுடையவை இல்லை என்றும், முறைப்பாடு கொடுத்து மூட வைத்தது நான்தான் என்றும் சொன்னேன். பிசைந்த கை நின்றது.

"அப்ப கடுதாசிக் கதையும் நீ எழுதலயா?"

"அது எது?"

அக்கா சொன்னாள். தோட்டத்து ஆபீசில் ஒரு மூலையில் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. லயத்து வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் இல்லை, எல்லாருக்கும் ஒரே தோட்டத்துப் பெயர்தான், எது யாருக்கு என்று பிரிக்க ஆள் இல்லை. கூடைக்காரி அத்தனையையும் கூடையில் அள்ளிக்கொண்டு வருகிறாள். வந்தவள் சும்மா கொடுக்கவில்லை. ஒரு கரித்துண்டை எடுத்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு இலக்கம் எழுதுகிறாள். எழுதிவிட்டு, "இனிமே இதுதான் ஒங்க விலாசம்" என்று சொல்லி அந்த வீட்டுக் கடிதத்தை நீட்டுகிறாள். கடைசி வீட்டில் வாங்க ஆள் இல்லை, பூட்டிக் கிடக்கிறது. கதவிடுக்கில் கடிதத்தைச் செருகிவிட்டு அங்கேயும் இலக்கம் எழுதிவிட்டுப் போகிறாள்.

"அத ஒருநா மலையில வாசிச்சாடி," என்றாள் அக்கா. "மறுநா பாத்தா எங்க லயத்துல எல்லாக் கதவுலயும் கரியால எழுதியிருக்கு. அந்தா பாரு."

பார்த்தேன். அக்கா வீட்டுக் கதவில் கோணலாக ஏழு என்று இருந்தது. உள்ளே நுழையும்போது நான் கவனிக்கவே இல்லை.

"நீ எழுதலன்னா பரவால்ல," என்று அக்கா தவிட்டைக் கோழிக்கு வைத்தாள். "எழுதுனவ யாருன்னு கண்டுபிடிச்சுத் தொறந்து விடச் சொல்லு. மூடுறதுக்குத் தெரியுதுல்ல ஒனக்கு?"

கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். என் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு இடம் இல்லை. ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தப் பூட்டிய வீட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கதவை எப்படி வரைந்திருப்பார்கள் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்க முடியாது. நான்தான் அழித்துவிட்டேனே.

பிள்ளைக் காம்பராப் பெண்ணின் நம்பரை அக்கா மூலமாகவே பிடித்தேன். பக்கத்துத் தோட்டம்தான். திங்கட்கிழமை மத்தியானம் போன் எடுத்தேன்.

"அன்னைக்குப் பஸ்ல ஒங்க பக்கத்துல உக்காந்திருந்தேங்க. கையில பெரிய ஆல்பம் வச்சிருந்தேன்..."

"ஆமாங்க, நல்லா ஞாபகம் இருக்கு! எறங்கறப்ப என் கொடையையும் தூக்கிட்டுப் போயிட்டீங்களே!"

ஸ்டூடியோ மூலையில் பார்த்தேன். பூப்போட்ட குடை ஒன்று சாத்தியிருந்தது. எந்த வாடிக்கையாளரோ விட்டுவிட்டுப் போனது என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கொடையத் தந்துர்றேன். இன்னொன்னும் சொல்லணும். கூடைக்காரிய மொதல்ல வரஞ்சது நான்தான். குரூப்ப மூட வச்சதும் நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"இருங்க," என்றாள். "புள்ள ஒன்னு முழிச்சிருச்சு. அத அமத்திட்டு வந்து ஒங்களத் திட்டுறேன்."

சொன்னபடி வந்து திட்டினாள். பத்து நிமிடம் இருக்கும். நடுநடுவே "கண்ணு, சாமி, தூங்கு தூங்கு" என்று குழந்தையையும் தட்டிக்கொண்டாள். எல்லாம் முடிந்து மூச்சு வாங்கியவள், "சாகலயா நீங்க? நல்ல வேளைங்க," என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பெரகல சந்தியில் சந்திப்பது என்று முடிவாயிற்று. இருவருக்கும் பஸ் வசதி. படம் வரைகிறவரும் வருவார் என்றாள். அவர் வெலிமடை ஆள், மரக்கறி லொறி ஓட்டுகிறவர். லீக்ஸும் கரட்டும் ஏற்றும்வரை லொறிக்குள்ளேயே முழங்காலில் கொப்பியை வைத்துப் படம் போடுவாராம்.

வீட்டில் வரைந்து வைத்திருந்த மூலப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஆல்பப் பெட்டிக்குள் அடுக்கி, குடையோடு எடுத்துப் போனேன். சந்திக் கடையில் பனி உள்ளே வரை வந்து உட்கார்ந்திருந்தது. தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார்கள். பிள்ளைக் காம்பராக்காரி முதலில் குடையை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். டிரைவர் நாற்பது வயதுக்காரர், பெரிய உடம்பு, சின்னக் குரல். என் பெட்டியைப் பார்த்ததும் கையை உடுத்தியிருந்த சாரத்தில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தேன். அவர்கள் அச்சில் பார்த்ததைவிட அது பெரிசு. டிரைவர் கோடுகளின் மேல் விரலைத் தொடாமல் ஓட்டிப் பார்த்தார். பதினோராம் பக்கம் வந்ததும் இரண்டு பேரும் குனிந்தார்கள்.

"இதோ இருக்கு பாருங்க பூனை," என்றாள் அவள்.

கூடை விளிம்பில் ஒரு கறுப்புத் திட்டு. எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"அது பூனை இல்லீங்க. மை சிந்துனது. துடைக்கப் பாத்தேன், ரெண்டு பக்கமும் இழுத்துக்கிச்சு."

அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். டிரைவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, யாரோ வீட்டு ரகசியம்போலச் சொன்னார்:

"தங்கச்சி, இத வெளிய சொல்லிறாதீங்க. பூனைக்குன்னு தனியா ஒரு குரூப்பே இருக்கு."

சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பால் இல்லாத பிளேன்டி கொண்டு வந்த கடைக்கார அம்மா என்ன என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

பிறகு டிரைவர் தன் கொப்பியை நீட்டினார். தளத்தில் அழிந்ததெல்லாம் அதில் பென்சிலில் இருந்தது. கடுதாசிக் கதையைத் தேடி எடுத்தேன். பூட்டிய கதவை ஒரு முழுப் பக்கத்துக்கு வரைந்திருந்தார். பலகையின் ஒவ்வொரு வெடிப்பும் இருந்தது. கூடைக்காரி சின்னதாக, ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு. மூக்கே தெரியவில்லை. நான் ஆயிரம் தரம் வரைந்திருக்கிறேன், அவளை அப்படித் திருப்பி நிறுத்த எனக்குத் தோன்றியதில்லை. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தொடங்கியது.

"புத்தகத்த முழுசா எடுத்துப் போட்டது தப்புத்தான்," என்றாள் அவள். "ஆனா யார்கிட்டக் கேக்குறது? அட்ட கிழிஞ்ச புத்தகம் ஒன்னு காம்பராவுல வந்து கெடந்துச்சு. புள்ளைக அத வாயில வச்சிருந்துச்சுக."

"தேடியிருக்கலாமே. பதுளையில அச்சடிச்ச எடத்துப் பேரு கடசிப் பக்கத்துல இருக்கு."

"அந்த எழுத்து எறும்புக்குத்தான் தெரியும்."

அது உண்மை. ஆனாலும் நான் விடவில்லை. வருடம் பூராவும் மத்தியானச் சோற்றைத் தள்ளிவைத்து வரைந்தது அது. யாருடையது என்றே தெரியாமல் ஆயிரம் போனில் ஓடுவது எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னேன். என்னைப் பார்த்து "பூனையே தெரியாது" என்று சிரித்தது எப்படி இருந்தது என்றும் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அது ரொம்பத் தப்புங்க," என்றாள். "மன்னிச்சுக்கங்க." கொஞ்சம் பொறுத்து, "எங்க கதையையும் நீங்க கேக்காமத்தானே அழிச்சீங்க? புள்ளயத் தொட்டில்ல ஆட்டிக்கிட்டே ஒரு கையால எழுதுனது அது," என்றாள்.

இப்போது மன்னிப்புக் கேட்பது என் முறையாயிற்று. கேட்டேன்.

டிரைவர் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்தார். மூவரும் பேசிப் பேசி அதில் எழுதினோம். புத்தகத்தை அப்படியே போடக்கூடாது. கதை யாரும் எழுதலாம், வரையலாம். கூடைக்காரி முதலில் யாருடைய கையில் பிறந்தாள் என்பது ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். எழுதினவர், வரைந்தவர் பெயரும் இருக்க வேண்டும். நான் எந்தக் கதையையும் சொல்லாமல் அழிக்கக்கூடாது. இந்தக் கடைசி வரியை அவள்தான் போடச் சொன்னாள், அடிக்கோடும் போட்டாள்.

"அப்ப பூனை?" என்று கேட்டேன். "அடுத்த புத்தகத்துல நான் அத வரையலாமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மை ஒங்களது," என்றாள் அவள் யோசித்து. "பூனை எங்களது. நீங்க அனுமதி கேட்டு எழுதித் தரணும்."

எழுதிக் கொடுத்தேன். 'கனம் அட்மின் அவர்களுக்கு' என்று தொடங்கி, முறையாக, கையொப்பம் வைத்து. அவள் அதை வாசித்துவிட்டு, பரிசீலித்து ஒரு வாரத்தில் பதில் தருவதாகச் சொன்னாள். சரி என்ற பதிலை ஒரு வாரம் கழித்துத்தான் தந்தாள்.

முறைப்பாட்டைத் திரும்ப வாங்குவது கொடுப்பதைப்போல் சுலபமாக இல்லை. அதற்கும் படிவம், விளக்கம், காத்திருப்பு. ஒரு வழியாகக் குரூப் திறந்த அன்று மலையில் தேத்தண்ணி நேரத்தில் கூச்சல் போட்டதை அக்கா போனிலேயே கேட்க வைத்தாள்.

இரண்டாவது புத்தகத்தை மூன்று பேருமாகச் செய்தோம். கடுதாசிக் கதைதான் முதலில். அந்தக் கதவுப் பக்கத்தை நான் தொடவில்லை, டிரைவர் வரைந்தபடியே அச்சுக்குக் கொடுத்தோம். அட்டையில் மூவர் பெயரும் போட்டோம், இந்த முறை எறும்புக்கு இல்லை, மனுசருக்குத் தெரிகிற எழுத்தில்.

வெளியீட்டுக்கு மண்டபம் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பரா காலியாகத்தானே இருக்கும், அவளே தோட்டத்துத் துரையிடம் கேட்டுச் சாவியை வாங்கிவிட்டாள். தொட்டில் சேலைகளை உத்திரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் குழந்தைகளின் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். குரூப்பில் பெயரை மட்டும் பார்த்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, "நீங்கதானா அது!" என்று தோளில் அடித்துக்கொண்டார்கள். லொறியில் டிரைவரோடு வெலிமடையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள், கைநிறையக் கரட்டோடு.

கதையை வாசித்தது அக்கா. பேசமாட்டேன் என்று அடம்பிடித்தவள், எழுந்து நின்றதும் யாராலும் நிறுத்த முடியவில்லை. எழுத்துக் கூட்டி, நிதானமாக, ஒவ்வொரு வீடு வந்ததும் தலையை நிமிர்த்தி அந்த வீட்டுக்காரி கூட்டத்தில் இருக்கிறாளா என்று பார்த்துப் பார்த்து வாசித்தாள். கடைசி வீட்டில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. பாயில் இருந்த பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள்.

முடித்ததும் கைதட்டல். அதற்கு மேல் ஒரு குரல்.

"கூடைக்காரி வலது தோள்ல கயித்தப் போட்டிருக்காளே, கொழுந்துக் கூடையத் தலையிலதான் மாட்டுவாங்க. யாரு வரஞ்சது இத?"

டிரைவர் என்னைக் கைகாட்டினார். நான் அவரைக் காட்டினேன். அதற்குள் இன்னொருத்தி எழுந்து, எங்கள் தோட்டத்தில் தோளில்தான் போடுவோம் என்றாள். உடனே காம்பரா இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இரண்டு பேர் எழுந்து துண்டைக் கட்டி நடந்தே காட்டினார்கள். அக்கா நடுவராக நின்று ஒருவர் பேச்சையும் ஏற்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குப் போக முடியாதவர்கள் மறுபடி பாயில் உட்கார்ந்தார்கள். யாரோ அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்கள். "இன்னொரு தரம் வாசிங்கக்கா," என்று ஒருத்தி சொன்னாள். அக்கா புத்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்தை எடுத்தாள்.